72 பேருக்காகப் பேசப் போன கதை

செயலிழந்த சிறுநீரகத்துக்குப் பதிலாக மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸுக்கு, எங்கள் மருத்துவமனையில் காலை 5 மணிக்கும் ஒரு ஷிஃப்ட் தொடங்கலாமா என்று ஒரு கூட்டம். அன்று நான் பேசியது மொத்தமே நான்கைந்து வாக்கியங்கள்தான். "காலை 5 மணி ஷிஃப்ட் எங்கள் யாருக்கும் ஒத்துவராது. நோயாளிகள் எல்லார் சார்பிலும் இதைச் சொல்கிறேன்" என்று முடித்தேன். மேஜையைச் சுற்றி இருந்த டாக்டர்களும் நிர்வாகிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசனை தள்ளிவைக்கப்பட்டது. நான் பெரிய மிதப்பில் வெளியே வந்தேன்.

மிதப்பு இரண்டு நாள் தாங்கியது. அடுத்த டயாலிசிஸ் அன்று எதிர் நாற்காலியில் இருந்த அண்ணன் முகம் கொடுத்தே பேசவில்லை. வெல்டிங் வேலை செய்பவர். வழக்கமாக மெஷின் ஓட ஆரம்பித்ததுமே பேச்சும் ஆரம்பித்துவிடும். அன்று இரண்டு மணி நேரம் கண்ணை மூடியே கிடந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "அஞ்சு மணிக்கு ஏத்தினா ஒன்பதுக்கு முடிஞ்சிரும். பத்து மணிக்கு வேலையில நின்னுருப்பேன். வாரத்துக்கு மூணு நாள் சம்பளம் மிஞ்சும். யாரைக் கேட்டுத் தம்பி வேண்டாம்னு சொன்ன?"

யாரையும் கேட்கவில்லை. எனக்கு விடியற்காலையில் எழுந்தால் ரத்த அழுத்தம் படுத்தும். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் அப்படித்தான். இரண்டு பேர் புலம்பியதைத்தான் நான் 'எல்லார்' என்று மேஜையில் வைத்திருக்கிறேன்.

நான் எப்படிப் பிரதிநிதி ஆனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது. எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளின் கருத்தைக் கேட்க ஒரு ஆலோசனைக் குழு அமைத்தார்கள். தலைமை நர்ஸ் வார்டுக்குள் வந்து, "உங்கள்ல யாராவது ஒருத்தர் வரணும்" என்றார். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நான் கொஞ்சம் வாய்க்காரன், அதனால் அவர் பார்வை என் மேல் நின்றது. சரி என்றேன். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெரும்பாலான சமூகங்களில் பிரதிநிதிகள் இப்படித்தான் உருவாகிறார்கள் என்று நினைக்கிறேன். யாருக்கு வாய் இருக்கிறதோ, நேரம் இருக்கிறதோ, பயம் குறைவோ, அவர் போய் உட்கார்ந்துகொள்கிறார். அதில் தப்பில்லை. ஆனால் அவர் அந்தக் கூட்டத்தின் சராசரி மனிதர் இல்லை என்பதை அவரே மறந்துவிடுகிறார்.

அந்த அண்ணன் கேட்ட கேள்விக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் பிரிவில் 12 மெஷின். திங்கள்-புதன்-வெள்ளி ஒரு கூட்டம், செவ்வாய்-வியாழன்-சனி இன்னொரு கூட்டம். இரண்டிலும் காலை, மதியம், மாலை என்று மூன்று ஷிஃப்ட். ஆக 6 குழு, 72 பேர். நான் திங்கள்-புதன்-வெள்ளி காலை. ஆறு வருடமாக அந்த இடத்துக்குப் போய்வருகிறேன். எனக்குத் தெரிந்தவர்கள் என் ஷிஃப்டில் இருந்த 11 பேர் மட்டும். மீதி 60 பேரின் முகம்கூடத் தெரியாது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வாசலில் கடந்து போயிருப்போம், அவ்வளவுதான்.

யாருக்காகப் பேசுகிறோமோ அவர்களை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். சும்மா மனதில் இல்லை, காகிதத்தில். எத்தனை பேர், எத்தனை விதம், அதில் யாரை நான் பார்த்திருக்கிறேன், யாரைப் பார்த்ததே இல்லை. எழுதிப் பார்த்தபோது இன்னொரு கூட்டமும் தட்டுப்பட்டது. அந்த 5 மணி ஷிஃப்ட் எதற்காக? நாளுக்கு மூன்று ஷிஃப்டை நான்காக்கினால் இன்னும் 24 பேருக்கு இடம் கிடைக்கும் என்பதற்காக. அந்த 24 பேர் இடத்துக்காகப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நாற்காலி கிடைக்காதவர் வார்டுக்குள்ளேயே வர முடியாது, வார்டுக்குள் வராதவர் என்னிடம் எதையும் சொல்ல முடியாது. அவர்களுக்கு எதிராகத்தான் நான் 'எல்லார் சார்பிலும்' பேசியிருக்கிறேன்.

டயாலிசிஸ் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் நினைவுக்கு வரும். 1960-இல் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர் கையில் நிரந்தரமாகப் பொருத்தும் ஒரு குழாயை உருவாக்கினார். அதுவரை சில தடவைக்கு மேல் செய்ய முடியாத டயாலிசிஸை வருடக்கணக்கில் செய்ய முடியும் என்று ஆனது. ஆனால் மெஷின்கள் சில, தேவைப்பட்டவர்கள் பலர். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய 7 பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். பெயர் வெளியிடப்படாத குழு. ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஒரு இல்லத்தரசி, இப்படி. வருமானம், குடும்பம், தேவாலயத்துக்குப் போகிறாரா என்பதையெல்லாம் பார்த்தார்கள். 1962-இல் இது பத்திரிகையில் வெளிவந்தபோது பெரிய விவாதம் ஆனது. ஊர் மக்களின் கருத்தை அந்த 7 பேர் பிரதிபலிப்பதாக ஏற்பாடு. சிறுநீரகம் செயலிழந்தவர் ஒருவர்கூட அதில் இல்லை. நான் அந்த மேஜையில் இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். ஆனால் என் மேஜையில் நானும் அதையேதான் செய்தேன், சின்ன அளவில்.

சரி, கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று இறங்கினேன். அதிலும் முதலில் சொதப்பல்தான். "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு போனேன். "ஒண்ணுமில்ல தம்பி, நல்லாத்தான் பாத்துக்கறாங்க." பத்தில் எட்டுப் பேர் இதையே சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கண்ணால் நர்ஸ் மேஜையைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வைதான் விஷயம். எங்கள் கையில் இருக்கும் ஃபிஸ்டுலாவில், அதாவது ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக் குழாயில், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு ஊசி குத்த வேண்டும். சாதாரண ஊசி இல்லை, தடிமனான ஊசி. அதைக் குத்துகிற கையைப் பற்றித்தான் குறை சொல்லச் சொல்கிறேன் நான். அதுவும் அந்தக் கைக்காரர் பத்தடி தூரத்தில் நிற்கும்போது. யார் சொல்வார்கள்? வாத்தியாரைப் பற்றி மாணவனும், வீட்டுக்காரரைப் பற்றி வாடகைக்கு இருப்பவரும், மேஸ்திரியைப் பற்றி வேலையாளும் சொல்லாமல் இருப்பது இதனால்தான். இவர்களை 'விழிப்புணர்வு இல்லாதவர்கள்' என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்களுக்கு விழிப்பு நன்றாகவே இருக்கிறது. அதனால்தான் வாயைத் திறப்பதில்லை.

மெல்ல மெல்லச் சில வழிகள் பிடிபட்டன. நேரம் முக்கியம். எங்கள் விஷயத்தில் முதல் ஒரு மணி நேரம் பேசலாம். மூன்றாவது மணிக்கு மேல் ரத்த அழுத்தம் இறங்கும், காலில் தசை பிடித்து இழுக்கும், அப்போது போய் 'உங்கள் கருத்து என்ன' என்றால் எந்தக் கருத்தும் வராது. இடமும் முக்கியம். வார்டுக்குள் கேட்டதைவிட வெளியே வண்டிக்காகக் காத்திருக்கும் பெஞ்சில் மூன்று மடங்கு கிடைத்தது. கேள்வியை மாற்றினேன். "பிரச்சினை இருக்கா" என்பதை விட்டுவிட்டு, "போன வாரம் எந்த நாள் ரொம்ப மோசமா இருந்துச்சு? அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். குறை சொல்லத் தயங்குகிறவர்கள் கதை சொல்லத் தயங்குவதில்லை. "அன்னைக்கா? எடை பாக்கற மெஷின்ல ஏறி நிக்கறதுக்குள்ள தலை சுத்திருச்சு, பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல பாரு" என்று ஒரு பாட்டி சொன்னார். மாலை ஷிஃப்ட்காரர் அவர். எடை மெஷின் பக்கத்தில் கைப்பிடி இல்லை என்பதை ஆறு வருடமாக நான் கவனித்ததே இல்லை. எனக்குக் கால் நன்றாக நிற்கும்.

மாலை ஷிஃப்டைப் பார்க்க நான் மாலையில் போக வேண்டியிருந்தது. டயாலிசிஸ் இல்லாத நாளில் மருத்துவமனைக்குப் போவது என்பது எங்களுக்கெல்லாம் விடுமுறையில் சிறைக்குப் போவது மாதிரி. ஆனாலும் ஒரு மாதத்தில் ஆறு குழுவுக்கும் ஒரு தடவையாவது போய்விட்டேன். 63 பேரிடம் பேச முடிந்தது. மீதிப் பேரில் சிலர் உள்நோயாளியாகப் படுத்திருந்தார்கள், இரண்டு பேர் என்னிடம் பேச விரும்பவில்லை. அந்த இரண்டு பேரையும் கணக்கில் எழுதிவைத்தேன்: 'பேச விரும்பவில்லை'. அதுவும் ஒரு பதில்தானே.

அடுத்து நான் செய்த தப்பு, இப்போதும் நினைத்தால் கூசும் தப்பு.

என் ஷிஃப்டில் ஒரு அம்மா. புதிதாகப் பயிற்சிக்கு வந்த பையன் ஊசியை ரத்தக் குழாய்க்கு வெளியே விட்டுவிட்டான், முழங்கைக்கு மேலே கறுத்து வீங்கிப்போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சேலைத் தலைப்பை விலக்கிக் காட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த கூட்டத்தில் பெயர் சொல்லாமல், ஜாக்கிரதையாக, "காலை ஷிஃப்டில் ஒரு அம்மாவுக்கு" என்று ஆரம்பித்தேன். காலை ஷிஃப்டில் இருந்தது இரண்டே பெண்கள். அதில் ஒருவருக்குக் கழுத்துக் குழாய் வழியாக டயாலிசிஸ், ஊசியே கிடையாது. மதியத்துக்குள் வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அவரை யாரும் திட்டவில்லை. ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வழக்கமாகச் சிரித்துப் பேசும் டெக்னீஷியன்கள் அவரிடம் மட்டும் வேலையைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கிறவருக்கு அந்த மௌனம் என்ன செய்யும் என்று யோசியுங்கள். அவர் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "உன்னை நம்பிக் காட்டினேன்பா, எடுத்துட்டுப் போன்னு சொல்லலையே."

பெயரை மறைத்தால் ஆளை மறைத்துவிட்டதாக ஆகாது. சின்ன சமூகத்தில் ஒரு ஷிஃப்ட், ஒரு வயது, ஒரு தேதி போதும். இதற்கப்புறம் யார் என்ன சொன்னாலும் மூன்று கேள்வி கேட்காமல் நோட்டுப் புத்தகத்தை மூடியதில்லை. இதை நான் வெளியே சொல்லலாமா? எந்த அளவுக்கு, உங்கள் ஷிஃப்ட் தெரிகிற மாதிரியா, தெரியாமலா? இல்லை, நீங்களே சொல்ல விரும்புகிறீர்களா, நான் பக்கத்தில் நிற்கட்டுமா? சிலர் 'சொல்லவே வேண்டாம், யார்கிட்டயாவது சொன்னா ஆறுதல்னு சொன்னேன்' என்பார்கள். அப்படியானால் அங்கேயே விட்டுவிட வேண்டும், எவ்வளவு நல்ல ஆதாரமாக இருந்தாலும். பொதுவான குறைகளைக் குறைந்தது இரண்டு ஷிஃப்டில் மூன்று பேராவது சொல்லும்வரை காத்திருந்து, யாருடையது என்று பிரிக்க முடியாதபடி சேர்த்துக் கொண்டுபோவேன். உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் கூட்டம் வரை காத்திருப்பதெல்லாம் கிடையாது. அன்றே, அந்த நிமிடமே, பொறுப்பு நர்ஸிடம்.

இந்த இடத்தில் ஷெப் கிளேசரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளின் சங்கம் ஒன்றின் துணைத்தலைவர், அவரும் நோயாளி. 1971 நவம்பர் 4 அன்று, நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால் சாட்சி சொல்ல வந்தவர், அந்த அறையிலேயே மெஷினைக் கொண்டுவந்து, தன் ரத்தம் குழாயில் ஓடுவதை உறுப்பினர்களுக்குக் காட்டினார். சில நிமிடங்கள்தான். அடுத்த வருடம் அக்டோபரில் சட்டம் வந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயது வித்தியாசம் பெரிதாகப் பார்க்காமல் அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்க வழி பிறந்தது. அந்தச் சில நிமிடங்களால் மட்டுமே சட்டம் வந்தது என்று சொன்னால் அது மிகை, பல வருடம் பலர் உழைத்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. அவர் காட்டியது தன்னுடைய கையை. நான் காட்டியது இன்னொருவருடைய கையை.

கூட்டத்துக்குள் நடப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் சில கூட்டங்களில் எங்கள் விஷயம் எப்போதும் கடைசியில் வரும், 'இதர பொருள்கள்' என்ற தலைப்பில். அதற்குள் பாதிப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பது யார் என்று விசாரித்தேன். அலுவலகத்தில் ஒரு அம்மா. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவரிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் தலைப்பாகவே சேர்த்துவிடுவார் என்று தெரிந்தது. யாரும் எங்களைத் தடுக்கவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. எல்லா அமைப்பிலும் இப்படி ஒரு கதவு இருக்கும். பூட்டு இல்லாத கதவுதான், ஆனால் அது எங்கே இருக்கிறது என்று வெளியாளுக்குத் தெரியாது.

அந்த ஒரு பக்கத்தில் ஒரே கோரிக்கை. ஆரம்பத்தில் 14 குறைகளைப் பட்டியல் போட்டுக் கொண்டுபோனேன். அதில் எளிதான இரண்டைப் பிடித்துக்கொண்டு, தொலைக்காட்சி ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்துவிட்டு, நடவடிக்கை எடுத்தாயிற்று என்று முடித்துவிட்டார்கள்.

அப்புறம், கூட்டக் குறிப்பு. 'விவாதிக்கப்பட்டது' என்ற சொல்லைப் பார்த்தால் உஷாராகிவிடுங்கள். அந்தச் சொல்லுக்குள் எத்தனை கோரிக்கைகளைப் புதைத்திருக்கிறார்கள் என்று எண்ணவே முடியாது. யார் செய்வார், எப்போதுக்குள் செய்வார் என்ற இரண்டும் குறிப்பில் வரவேண்டும். கூட்டம் முடிவதற்கு முன்பே, "இதை எப்படி எழுதிக்கப் போறீங்க, ஒரு தடவை வாசிங்களேன்" என்று பணிவாகக் கேட்பேன். முதல் தடவை கொஞ்சம் முறைத்தார்கள். மூன்றாவது தடவை அவர்களே வாசித்தார்கள்.

ஒரு நண்பர் மூலம் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969-இல் எழுதிய கட்டுரையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். மக்கள் பங்கேற்பை 8 படி உள்ள ஏணியாக அவர் வரைந்திருக்கிறார். அடியில் இருக்கும் இரண்டு படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் படி, ஆட்களை வைத்து ஆட்டம் காட்டுவது. இரண்டாவது படியின் பெயர் 'சிகிச்சை'! கோபத்தோடு வந்தவரின் கோபத்தை மட்டும் ஆற்றி அனுப்புவது. மருத்துவமனைக் குழுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தப் பெயர் எப்படி இருந்திருக்கும் பாருங்கள். தகவல் சொல்வது மூன்றாவது, கருத்துக் கேட்பது நான்காவது. உண்மையான பங்கு ஆறாவது படியில்தான் தொடங்குகிறது. நாங்கள் பெரும்பாலும் நான்கில் நின்றுகொண்டு ஆறில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி கிடைத்தது. எந்த விஷயம் வந்தாலும் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவேன்: "இதுல முடிவு ஆயிடுச்சா, எங்ககிட்ட கருத்துக் கேக்கறீங்களா, சேர்ந்து முடிவெடுக்கப் போறோமா?" மூன்றில் எது என்றாலும் பரவாயில்லை, தெரிந்தால் போதும். முடிவாகிவிட்டது என்றால், அதை மாற்றப் போராடுவதா, அதை எங்கள் ஆட்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிப்பதா எனத் தீர்மானிக்கலாம். முடிவான விஷயத்தில் மூன்று மாதம் கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பது போன்ற அவமானம் வேறில்லை. அது எனக்கு ஒரு தடவை நடந்திருக்கிறது.

விடுமுறை விஷயத்தில்தான் நாங்கள் கொஞ்சம் உருப்படியாகச் செய்தோம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றால் ஒரு இடைவெளி எப்போதும் இரண்டு நாள் வரும். அதோடு பொது விடுமுறையும் சேர்ந்து பிரிவை மூடிவிட்டால் இடைவெளி இன்னும் நீளும். அந்த நாள்களில் உடம்பில் தண்ணீர் சேர்ந்து, படுத்தால் மூச்சு முட்டும். இதை நான் சொன்னபோது ஒரு டாக்டர், "இது உங்க அனுபவம், இதை வச்சு முடிவெடுக்க முடியாது" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

1983-இல் எய்ட்ஸ் நோயாளிகள் சிலர் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். எங்களைப் 'பலியானவர்கள்' என்று சொல்லாதீர்கள் என்றும், எங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது மற்றவர்களுக்குத் தரும் அதே நம்பகத்தன்மையை எங்களுக்கும் தாருங்கள் என்றும் அதில் கேட்டார்கள். அந்தக் கோரிக்கை எனக்குப் பிடிக்கும். ஆனால் மேஜையில் அதை எடுத்து வாசித்தால் வேலைக்காகாது என்றும் தெரியும். அதனால் அனுபவம், ஆய்வு இரண்டையும் கொண்டுபோனோம். ஐந்து பேர் இரண்டு மாதம் ஒவ்வொரு தடவையும் டயாலிசிஸுக்கு முன் எடை எவ்வளவு, மூச்சு எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதினார்கள். கூடவே 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவில் 32,000-க்கும் அதிகமான நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து, நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் மரணங்களும் இதயப் பிரச்சினைகளும் கூடுதலாக நடக்கின்றன என்று கண்டிருந்தார்கள். அதே டாக்டர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இதை என்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்றார். முழுதாக ஜெயிக்கவில்லை. ஆனால் விடுமுறைக்கு மூடினால் அன்றைய டயாலிசிஸை ரத்து செய்யாமல் முந்தின நாளோ அடுத்த நாளோ வைப்பது என்று ஆனது.

டெக்னீஷியன்கள் எதிரிகள் இல்லை என்பதும் அந்த நேரத்தில்தான் புரிந்தது. விடுமுறைக்கு மறுநாள் வேலை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத்தான் எங்களைவிட நன்றாகத் தெரியும். அவர்களால் வாயைத் திறக்க முடியாது, அவர்களுக்கும் மேலே ஆள் இருக்கிறது. நோட்டில் எந்தெந்த விவரம் இருந்தால் டாக்டர்கள் மதிப்பார்கள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்களில் ஒருவர்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குத் தூக்கம் கெட்டது வேறொரு விஷயத்தில். 63 பேரிடம் பேசியபோது 41 பேர் ஒரே ஆசையைச் சொன்னார்கள்: நான்கு மணி நேரத்தை மூன்றரையாகக் குறைக்கச் சொல்லு. எனக்கும் அந்த ஆசை உண்டு, கடைசி அரை மணிதான் நரகம். ஆனால் நேரத்தைக் குறைத்தால் அதே தண்ணீரை வேகமாக இழுக்க வேண்டியிருக்கும், இதயத்துக்கு அது கெடுதல் என்று எனக்குத் தெரியும். பெரும்பான்மை கேட்பதை நான் தப்பு என்று நினைக்கிறேன். இப்போது நான் அவர்கள் குரலா, என் அறிவா?

இது பழைய சண்டை. எட்மண்ட் பர்க் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி 1774-இல் பிரிஸ்டல் தொகுதி வாக்காளர்களிடம், பிரதிநிதி உங்களுக்குக் கொடுக்க வேண்டியது உழைப்பை மட்டுமல்ல, தன் சுயமான தீர்ப்பையும்தான், உங்கள் கருத்துக்காக அதைப் பலி கொடுத்தால் அவர் உங்களுக்குத் துரோகம் செய்கிறார் என்ற பொருளில் பேசினார். கம்பீரமான பேச்சு. 1780-இல் அதே தொகுதியில் தோல்வி உறுதி என்று தெரிந்து போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். இரண்டு பாதியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நான் செய்தது இதுதான். கூட்டத்துக்கு முன்பே அந்த 41 பேரில் எத்தனை பேரைப் பார்க்க முடிந்ததோ அத்தனை பேரிடமும் சொன்னேன்: "உங்க கோரிக்கையை எண்ணிக்கையோட அப்படியே வைக்கறேன். ஆனா எனக்குச் சொந்தமா இதுல உடன்பாடு இல்ல, அதையும் தனியாச் சொல்லுவேன்." ஒருவர் கோபித்துக்கொண்டார். மற்றவர்கள் "அது உன் இஷ்டம், எங்களுது விட்டுப்போகாம இருந்தாச் சரி" என்றார்கள். கூட்டத்தில் அப்படியே இரண்டாகப் பிரித்து வைத்தேன். முதலில் அவர்களுடையது, முழுதாக, காரணங்களோடு. பிறகு ஒரு சின்ன இடைவெளி விட்டு என்னுடையது. நேரம் குறையவில்லை. ஆனால் ஏன் கூடாது என்று ஒரு டாக்டர் ஆறு ஷிஃப்டுக்கும் வந்து உட்கார்ந்து விளக்கினார். கடைசி அரை மணியில் ஏன் அவ்வளவு வலி என்று கேட்டபோது, இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் குறைவாகத் தண்ணீர் குடித்தால் கடைசி நேரம் இலகுவாகும் என்ற பேச்சும் வந்தது. எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் திட்டாக இல்லாமல் பதிலாக வந்தபோது காதில் விழுந்தது.

'எல்லாரும்' என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன். '63 பேரில் 41', 'மாலை ஷிஃப்டில் பெரும்பாலானவர்கள், காலையில் யாருமில்லை', 'இதில் நாங்கள் இரண்டாகப் பிரிந்திருக்கிறோம்' என்றுதான் சொல்கிறேன். பிளவைக் காட்டினால் நிர்வாகம் அதைச் சாக்காக வைத்துத் தட்டிக்கழிக்கும் என்று பயந்தேன். சில நேரம் அப்படி நடக்கவும் செய்தது. ஆனால் காலை ஷிஃப்ட் விஷயம் மறுபடி வந்தபோது, 5 மணி வேண்டும் என்பவர்கள் 17 பேர், வேண்டவே வேண்டாம் என்பவர்கள் 29 பேர், எதுவானாலும் சரி என்பவர்கள் மீதி என்று பிரித்து வைத்ததும் தீர்வு அதிலேயே கிடந்தது. 5 மணி ஷிஃப்டுக்கு இரண்டு கூட்டத்திலும் சேர்த்து 24 நாற்காலி. முதலில் அந்த 17 பேரைக் கேட்டு மாற்றினார்கள், மிச்சத்தை 'எதுவானாலும் சரி' ஆட்களில் ஒப்புக்கொண்டவர்களை வைத்து நிரப்பினார்கள். காலியான இடங்களுக்குக் காத்திருந்தவர்களில் 24 பேர் வந்தார்கள். வெல்டிங் அண்ணன் இப்போது 5 மணிக்கு. அதனால் எனக்கு எதிர் நாற்காலியில் வேறொருவர், பேச்சே இல்லை.

திரும்பி வந்து சொல்வதை மட்டும் நான் ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காகச் செய்திருக்கலாம் என்று நினைக்கிறேன். கூட்டம் முடிந்த மூன்று நாளுக்குள் ஒரு தாள் எழுதி எடை மெஷினுக்கு மேலே ஒட்டுகிறேன், ஏனென்றால் 96 பேரும் கட்டாயம் நிற்கும் ஒரே இடம் அது. கேட்டது, கிடைத்தது, கிடைக்காதது, அடுத்தது எப்போது. கிடைக்காததைத்தான் முதலில் எழுதுகிறேன். வாசிக்க முடியாதவர்களுக்கு அந்தந்த ஷிஃப்டில் யாராவது ஒருவர் முதல் ஒரு மணி நேரத்தில் வாசித்துக் காட்டுவார். தோற்ற செய்தியோடு வார்டுக்குள் நுழைவது கஷ்டம்தான். ஆனால் ஒரு தடவை நான் தோற்றதை மறைத்தபோது, காலி காகிதத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கைப்பிடி விஷயத்தை நான் பேசவில்லை. அந்தப் பாட்டியிடம் மூன்று கேள்வியையும் கேட்டபோது, "நானே வரேன்" என்றார். எனக்கே ஆச்சரியம். கூட்டத்துக்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றுவிட்டார். உள்ளே போய் உட்கார்ந்து ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று, "இப்ப நான் இதைப் பிடிச்சிருக்கேன். அங்க பிடிக்க ஒண்ணும் இல்ல. விழுந்தா எலும்பு ஒட்டாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார். நான் தயாரித்த ஒரு பக்கம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. யார், எப்போதுக்குள் என்று குறிப்பில் எழுதச் சொல்வது மட்டும்தான் அன்று என் வேலை. பொறியியல் பிரிவு, 10 நாள். 12-ஆம் நாள் கைப்பிடி வந்தது.

இப்போது குழுவில் எங்களுக்கு இரண்டு இடம், ஒன்று அவருடையது. அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை என்று போட்டிருக்கிறார்கள். செவ்வாய் மாலை அவர் மெஷினில் இருப்பார். திங்கள் முதல் சனி வரை எந்த நாள் வைத்தாலும் எங்களில் பாதிப் பேருக்கு அன்று டயாலிசிஸ் இருக்கும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, அலுவலகத்து அம்மாவிடம் நேற்றுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை வைக்கக் கேட்டிருக்கிறோம்.